குதிரையைப் பாதியில் விட்டவர்

பைராம் தோட்டம்,
நிபோங் திபால்.
16.2.2025

அன்புள்ள ருக்கு,

போன் செய்யாதீர்கள், பேசினால் சண்டைதான் வரும், எழுதினால் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நீ மகள் வீட்டுக்குப் போய் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. நான் நான்கு கடிதம் எழுதினேன். நீ போட்டது ஒன்று. அதுவும் என் சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்ல.

இது துப்பாக்கி விஷயம். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

போன மாதம் போலீஸ் பாலாயிலிருந்து கூப்பிட்டார்கள். விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்களாம். அப்பாவின் ரைபிளைத் திருப்பித் தர வேண்டுமென்றால், லைசென்ஸ் உள்ள கடையில் பழுது பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் அப்படியே ஒப்படைத்துவிட வேண்டும். அனுமதிக் கடிதத்தோடு ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுபோய், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பன்றி சுடுகிற ஆசையெல்லாம் எனக்கு விட்டுப்போய்விட்டது ருக்கு. செம்பனைக் கன்றைப் பன்றி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், தோட்டம் என் பாட்டன் சொத்தா? அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தேன். உன் தம்பி சின்னையாவின் காலைக் கொண்டுபோன அந்தக் குண்டு தானாக வெடித்தது, என் விரல் படவில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன். கால் போனவன் ஒரே வாரத்தில் "விடுங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நீதான் நம்பவில்லை.

நீ இருபத்திரண்டு வருஷம் பிறையில் ஒரு ஃபேக்டரியில் லென்ஸுக்குக் கீழே பழுது தேடியவள். என்னை நம்ப வேண்டாம், உன் கண்ணை நம்பு. காஜா மொய்தீன் அதைத் திறக்கும்போது நீ போய்ப் பார். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளே பழுது இருந்தால் வீட்டுக்கு வா. இல்லையென்றால் நான் இனிமேல் எழுதமாட்டேன்.

கடையிலிருந்து நேரே கெலுகோருக்கு பஸ் ஏறினேன். உங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே நின்றேன். ஏழாவது மாடியில் உன் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அரைமணி நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பக்கிரிசாமி


கெலுகோர்,
22.2.2025

தனுஜா அப்பாவுக்கு,

அது என் புடவை இல்லை. பக்கத்து வீட்டு நூருல் துவைத்துப் போட்ட ஜன்னல் திரை. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

கால் போனவன் மன்னித்துவிட்டான், நீ மன்னிக்கவில்லை என்று குத்திக்காட்டுகிறீர்கள். அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததை மன்னிப்பது சுலபம். எனக்கு உங்கள் வாயாலேயே தெரியும், அதுதான் என் கஷ்டம்.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுதீர்களே, அப்போது என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "குதிரையப் பாதியில விட்டுட்டேன் ருக்கு, பாதியிலதான் விட்டேன்" என்றீர்கள். துப்பாக்கியில் விரலால் இழுப்பதைக் குதிரை என்பார்கள் என்று எனக்கும் தெரியும். நடந்துபோகிற பாதி வழியில் அதை விட்டுவிட்டேன் என்றால், சுட்டுவிட்டேன் என்றுதானே அர்த்தம்? முந்தின நாள்தான் நீங்கள் குறி பார்த்துச் சுடுவதைப் பற்றிச் சின்னையா கேலி பேசினான். "ஒரு நாளைக்குக் காட்டுறேன்டா உனக்கு" என்று நீங்கள் தட்டிலிருந்து எழுந்து போனீர்கள். அவனைப் பயமுறுத்த நினைத்து விட்டிருப்பீர்கள், குறி தப்பிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் போலீஸில் "நான் தொடவே இல்லை" என்று எழுதிக் கொடுத்தீர்கள். இரண்டில் ஒன்று பொய். பொய் சொல்கிறவர் பக்கத்தில் படுத்து எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் வந்துவிட்டேன்.

கடைக்குப் போகிறேன். உங்களுக்காக இல்லை, எனக்குத் தெரிய வேண்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போயிருந்தேன். உங்கள் முதுகு மாதிரி ஒரு முதுகைப் பார்த்துவிட்டு இருபது படி பின்னாலேயே ஏறினேன். திரும்பினால் யாரோ ஒரு தைப்பிங்காரர். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ருக்குமணி


கெலுகோர்,
3.3.2025

தனுஜா அப்பாவுக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். சனிக்கிழமை கடைக்குப் போனேன். நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் என்பதால் காஜா மொய்தீன் அவசரத்தில் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்த ரைபிளை எடுத்து மேஜையில் வைத்தார். நம் வீட்டு அலமாரியில் முப்பது வருஷம் படுத்திருந்த சாமான்தான், ஆனாலும் கிட்டே போக மனம் வரவில்லை.

"ஸ்க்ரூ துருப்புடிச்சிப் போச்சிக்கா. எண்ணெ ஊத்தி ஊறப் போட்டிருக்கேன். ரெண்டு வாரம் ஆகும் லா" என்றார். அப்போதே திரும்பியிருப்பேன். ஏதோ ஒன்று தோன்றி, இதில் குதிரை எது என்று கேட்டேன். துப்பாக்கியின் முதுகில் கொக்கி மாதிரி நிற்கிறதே, கட்டைவிரலால் பின்னால் இழுப்பது, அதைத் தொட்டுக் காட்டினார். அப்படியென்றால் கீழே விரலால் இழுப்பது? "அது விசைக்கா. சில பேரு அதையும் குதிரைம்பாங்க. வேட்டைக்காரங்க மேல உள்ளதைத்தான் குதிரைம்பாங்க."

பிறகு அவராகவே சொன்னார்: "லோட் பண்ணிட்டுக் காட்டுல நடக்கிறப்ப யாரும் குதிரைய முழுசா ஏத்தி வைக்க மாட்டாங்க. பாதியில விட்டுடுவாங்க. இந்த மாடலுக்கு அதான் சேஃப்டி. பாதியில விட்டுட்டா, விசைய இழுத்தாகூட குதிரை விழுந்து வெடிக்கக் கூடாது."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். மனுஷர் பயந்துபோய், ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

குதிரையைப் பாதியில் விட்டேன் என்று நீங்கள் சொன்னது, ஜாக்கிரதையாகத்தான் வைத்திருந்தேன் என்பதா? நான் அதையா சுட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்? உங்களோடு முப்பத்தோரு வருஷம் வாழ்ந்து, பன்றிக்கறியை எத்தனை தடவை சமைத்திருப்பேன், இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லையே. கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து, என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். பேசினால் சண்டை வரும் என்று நான்தான் போனை வேண்டாம் என்றேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். திறந்த பிறகு இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று காஜா மொய்தீனிடம் சொல்லியிருக்கிறேன். அது வெறும் சம்பிரதாயம். நோன்புப் பெருநாள் லீவில் தனுஜா என்னைக் கொண்டுவந்து விடுகிறாளாம். வரலாமா?

ருக்கு


பைராம் தோட்டம்,
8.3.2025

என் ருக்கு,

வரலாமா என்று கேட்கிறாய் பார். உன் வீட்டுக்கு வர உனக்கு அனுமதி வேறா?

உன் முதல் கடிதத்துக்குக் கோபமாக ஒரு பதில் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் உன்னைச் செவிடி என்று திட்டியிருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், கணக்கு தீர்ந்தது.

பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். முதலாளி ஹைருல், "பாக்கி அண்ணே, மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க ஒரு வண்டிய ஒழுங்கா டியூன் பண்ணியிருக்கீங்க" என்றான். குளியலறைக் கதவை மாற்றினேன். நீ நட்ட கறிவேப்பிலை கூரை வரை போய்விட்டது, வெட்ட மனம் வரவில்லை. உன் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றினேன். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் நான் படுத்ததில்லை. ராத்திரி புரண்டால்கூட நடுவில் நின்றுவிடுவேன்.

சின்னையாவுக்கும் போன் செய்தேன். கெப்பாலா பத்தாஸ் அரிசி மில் வாசலில்தான் இன்னும் காவல் வேலை. அந்த மில்லுக்கு லாரி ஓட்டியவன், இப்போது உள்ளே போகிற லாரியின் நம்பரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அக்கா வருகிறாள் என்றதும், "எனக்கு முன்னாடியே தெரியும் மாமா, அதுக்குக் கோவம் மட்டும்தான் லேட்டா எறங்கும்" என்று சிரித்தான்.

பெருநாளுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்.

பக்கிரிசாமி


கெலுகோர்,
16.3.2025

தனுஜா அப்பாவுக்கு,

நேற்று கடைக்குப் போனேன். ரைபிளைத் திறந்திருந்தார்.

உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கிறது. என் சுண்டுவிரல் நகம் அளவுதான். குதிரையை முழுக்க ஏற்றினாலும், பாதியில் விட்டாலும், அதைப் பிடித்து நிறுத்துவது அந்த நாக்கின் நுனி. அந்த நுனி மழுங்கியிருந்தது. பாதியில் விட்டு, துப்பாக்கிக் கட்டையை மேஜையில் லேசாகத் தட்டிக் காட்டினார். குதிரை விழுந்தது. மறுபடி செய்தார், மறுபடி விழுந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது வெடித்தது என்று நீங்கள் சொன்னது உண்மைதான். உங்கள் விரல் படவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பழைய சாமான்தானேக்கா. அறுவது வருஷம் ஆச்சி, தேஞ்சி போயிருக்கும் லா" என்றார் காஜா மொய்தீன்.

அதோடு வந்திருக்கலாம். பழக்கதோஷம், லென்ஸைக் கேட்டேன். கொடுத்தார்.

தேய்ந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பளபளவென்று இருக்கும். கோடு இருந்தால், பாகம் எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கமே ஓடும். இதில் கோடுகள் குறுக்கே ஓடின. எல்லாம் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. தேய்மானம் இப்படிக் கோடு போடாது. அரம்தான் போடும். காஜா மொய்தீனிடம் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாக்கைத் துணியில் வைத்தார்.

யார் அதில் அரம் போட்டது?

ருக்குமணி


பைராம் தோட்டம்,
21.3.2025

அன்புள்ள ருக்கு,

கடிதம் கிடைத்தது. துப்பாக்கி அப்பா கைக்கு வருவதற்கு முன் இரண்டு கை மாறியது. எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணி ஒருவர் வைத்திருந்தார், அவருக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர்கள் யாராவது என்னவாவது செய்திருக்கலாம். அந்தக் காலத்தில் பாகங்களைக் கையால்தான் தேய்த்துப் பொருத்துவார்களாம். செய்த இடத்திலேயே அரம் பட்டிருக்கலாம். காஜா மொய்தீன் துருவைச் சுரண்டும்போது கீறியிருக்கவும் கூடும், மனுஷருக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது.

முக்கியமானது குதிரை தானாக விழுந்தது என்பது. அதை நீயே உன் கண்ணால் பார்த்துவிட்டாய். மற்றதெல்லாம் இனி எதற்கு? பெருநாள் வருகிறது. அறையைச் சுத்தம் செய்தாகிவிட்டது. தனுஜாவுக்குப் பிடித்த இறால் வாங்கச் சொல்லி வைத்திருக்கிறது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுது.

பக்கிரிசாமி


கெலுகோர்,
25.3.2025

தனுஜா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ‘நான்’ என்ற சொல் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. இறாலைக்கூட யாரோ வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கோடுகளின் சாய்வைப் பற்றி முன்பு முழுக்க எழுதவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று வைத்திருந்தேன். அரம் பிடித்தது இடது கை. நம் வீட்டில் இடது கையால் வேலை செய்கிறவர் ஒருவர்தான்.

பெருநாளுக்கு நான் வரவில்லை.

ருக்குமணி


பைராம் தோட்டம்,
2.4.2025

ருக்கு,

நான்தான்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது மீதியையும் எழுதுகிறேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம். சர்க்கரையால் இடது கை ஆள்காட்டி விரல் மரத்துப்போயிருந்தது. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வாய். விசை கனமாக இருந்தது, பலமாக இழுத்தால் குழல் ஆடி குறி தப்பியது. ஐந்து தடவை தொடர்ந்து தப்பியது. சின்னையா தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான், "மாமாவப் பாத்தா பன்னி டாட்டா காட்டிட்டுப் போவுது" என்று. எனக்கு மானம் போனது. இப்போது எழுதும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பட்டறையில் யாரும் இல்லாதபோது, ரைபிளைப் பிரித்தேன். பழைய மோட்டார் சைக்கிளில் பாயிண்ட் தேய்ப்போமே, அந்த மெல்லிய அரத்தை எடுத்து நாக்கின் நுனியில் பத்துப் பன்னிரண்டு தேய்ப்பு தேய்த்தேன். விசை லேசாகிவிட்டது. அந்த வாரமே ஒரு பெரிய பன்றி விழுந்தது. நீ மிளகு போட்டு வறுத்தாய், சின்னையா மூன்று தட்டு சாப்பிட்டான்.

விசைக்காக நான் தேய்த்த அதே நாக்குதான் பாதியில் விட்ட குதிரையையும் பிடித்து நிற்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறவன் நான். எனக்கு உறைக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கையைப் பிடித்தபோதே அந்த அரம் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே தள்ளிவிட்டேன். விரல் படவில்லை, பாதியில்தான் விட்டேன், இரண்டும் சத்தியம். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி மற்றதை மூடிவிட்டேன். துப்பாக்கி பழசு, தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லி நம்பியும்விட்டேன். நம்பாமல் இருந்திருந்தால், போய்ப் பார் என்று உன்னையே அனுப்பியிருப்பேனா?

இதற்கு மேல் என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

பக்கிரிசாமி


கெலுகோர்,
7.4.2025

தனுஜா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தனுஜாவிடமும் காட்டினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா மேல் தப்பே இருக்காது என்று இத்தனை நாளும் என்னோடு சண்டை போட்டவள் அவள்தான்.

குதிரையைப் போலத்தான் உண்மையையும் பாதியில் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதியை நம்பி நான் மன்னிப்பு வேறு கேட்டு எழுதினேன். அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்று சொல்கிறேன். கால் என்னுடையது இல்லை. என்னிடம் சொன்னதால் சொல்லியாகிவிட்டது என்று இருக்காதீர்கள். கெப்பாலா பத்தாஸுக்குப் போய், சின்னையா முகத்தைப் பார்த்து, அவன் கேலி செய்ததில் தொடங்கி அரம் வரைக்கும் சொல்லுங்கள். போனில் வேண்டாம். பாலாயிலும் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.

விரல் மரத்துப்போனதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் உங்கள் விரலைப் பிடித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தேன். அதற்கும் முன்பிருந்தே நாம் பேசுவதைக் குறைத்துவிட்டோம் போலிருக்கிறது.

ருக்குமணி


பைராம் தோட்டம்,
14.4.2025

அன்புள்ள ருக்கு,

இன்று சித்திரை ஒன்று. வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை ஜார்ஜ்டவுனுக்கு வந்து காஜா மொய்தீனிடம் ரைபிளை வாங்கினேன். புது நாக்கு செய்து போட்டிருந்தார். பாதியில் விட்டு, ரப்பர் சுத்தியலால் பத்து தடவை தட்டிக் காட்டினார். குதிரை அசையவில்லை. பழைய நாக்கைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, "அண்ணே, இதை நான் வெச்சிக்க முடியாது" என்று என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை கெலுகோர் பக்கம் வரவில்லை. நேரே பாலாய்க்குப் போய், ரைபிளையும் பழைய நாக்கையும் ஒப்படைத்து, அரம் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். மறுபடியும் கூப்பிடுவோம், ஊரை விட்டு எங்கும் போகாதீர்கள் என்றார்.

நேற்று சின்னையா வீட்டுக்குப் போனேன். வருஷப் பிறப்புக்கு மாமா முன்கூட்டியே வந்துவிட்டார் என்று அவன் மனைவி பாயசம் வைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நீ சொன்ன மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். தலையைக் குனிந்து, தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"பழைய துப்பாக்கி, அதுக்கு என்னா தெரியும்னு விட்டேன் மாமா" என்றான். "நான் மன்னிச்சது துப்பாக்கியத்தான். உங்கள இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மூணு தீவாளிக்கு என் வூட்ல உக்காந்து சாப்ட்டீங்களே. அப்பல்லாம் தெரியும்ல உங்களுக்கு?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "எந்திரிங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றான். எழுந்து என்னை வெளியே தள்ளவாவது வந்திருப்பான். காலைக் கழற்றி வைத்திருந்ததால் முடியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை ருக்கு.

நீ சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன். செய்தபோது மனசுக்குள் ஒரு பேராசை இருந்தது, இதைச் செய்தால் நீ வருவாய் என்று. இப்போது அது இல்லை. சின்னையா சொன்னது நியாயம். உன் தம்பியை விட்டுவிட்டு நீ என்னிடம் வந்தால் அவனுக்கு மிச்சம் இருப்பதும் போய்விடும். நீ வராதே. நான் இனிமேல் கேட்கமாட்டேன்.

நீ இல்லாமல் எனக்கு வீடு வீடாக இல்லை. இதை இதுவரை எந்தக் கடிதத்திலும் நேராக எழுதவில்லை, கடைசியாக ஒரு தடவை எழுதிவிட்டேன். மாத்திரை அந்த டப்பாவிலேயே இருக்கிறது. வேளை தவறாமல் சாப்பிடுகிறேன்.

பக்கிரிசாமி


கெலுகோர்,
17.4.2025

என்னங்க,

உங்கள் கடிதம் இன்று பகலில் வந்தது. அதற்கு முன்பே சின்னையா போன் செய்துவிட்டான். நீ அங்கே போனால் உன்னை அக்கா என்று கூப்பிட மாட்டேன் என்றான். பிறகு அழுதான். நானும் அழுதேன். அவன் காலைப் பற்றி அவன் அழுது நான் கேட்டதே இல்லை. இத்தனை நாளாக எங்களுக்காகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். இனிமேலாவது அவன் கோபப்படட்டும், அதில் குறுக்கே நிற்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வாசலில் போய் உட்காருவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் அவன் இஷ்டம். என் தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எனக்காக அவனிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. ஆனால் இந்தக் கோபத்தைக் கெலுகோரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டுதான் பட வேண்டும் என்று இல்லை.

நான் எதற்குப் பயந்து வந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவனைச் சுட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, மறுநாள் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் யாரோ ஒருவர் என் வீட்டில் இருக்கிறார் என்று பயந்தேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. இப்போது கடிதம் எழுதியிருப்பவரைத் தெரியும். மானத்துக்குப் பயந்து முட்டாள்தனம் செய்துவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று வருஷம் திண்டாடிய மனுஷர். அவரோடு முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எத்தனை கோபம் இருந்தாலும் அவர் பக்கத்தில் எனக்குத் தூக்கம் வரும்.

பாலாயில் மறுபடி கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் நேராகக் கேட்டுக்கொள்வோம்.

தனுஜா இன்னும் உங்களோடு பேசத் தயாராக இல்லை. ஆனால் என் பெட்டியை மேலேயிருந்து எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் மரத்துப்போன விரலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நாளை காலை இதைத் தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் இந்தக் கடிதம் அங்கே வந்து சேராது. ஆனாலும் வராதே என்று எழுதிய மனுஷருக்கு எழுத்தில் பதில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று தோன்றியது. தபால்காரர் வந்து கூப்பிடும்போது நீங்கள் பட்டறையில் இருப்பீர்கள். நான்தான் வெளியே வந்து வாங்குவேன். சாயந்திரம் வந்ததும் கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள், படித்துக் காட்டுகிறேன்.

ருக்கு